அவசரம் ஆகாத வளர்ப்பு

கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில் பெரிய நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோண்ணா?" என்பது. அடுத்தது, "என்ன போடுறீங்க?" என்பது. அல்சேஷன், ராஜபாளையம், கிரேட் டேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். நின்று பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நாயை எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறோமோ அவ்வளவு நல்ல வளர்ப்பு என்பது அந்த நம்பிக்கை. பெரிய இன நாயைக் கெடுப்பதும் அதுதான். இந்த நாய்களை மெல்ல வளர விட வேண்டும், மெல்லச் சாப்பிட வைக்க வேண்டும், ஓட்டத்தையும் குதியையும் தள்ளிப்போட வேண்டும். முந்திக்கொண்டு செய்ய வேண்டியது பழக்கம் சொல்லித் தருவதை மட்டும்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. தீனி முந்திவிடுகிறது, பழக்கம் பிந்திவிடுகிறது.

லைன் வீட்டில் பெரிய நாய்

ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொன் எடுக்கத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்ற சுரங்கப் பெயர்களே சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் பெயர்களாயின. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இங்கே தமிழ் பேசி வாழ்ந்தன. அதிகாரிக்குத் தோட்டம் வைத்த பங்களா, தொழிலாளிக்கு ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கிட்டுக்கொள்ளும் லைன் வீடு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சங்கு ஊதி ஷிஃப்ட் மாறிய ஊர், அதன் பிறகு ரயில் நேரத்துக்கு வாழ ஆரம்பித்தது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆளேற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் வண்டிகளில் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம்.

நாய் வளர்ப்புக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் உண்டு. இங்கே பெரிய நாய் வாங்குகிறவர் பெரும்பாலும் பெங்களூர் போய் வரும் இளைஞர். நாயோடு பகல் முழுவதும் இருப்பவர் அவருடைய அம்மாவோ பாட்டியோ. நாற்பது கிலோ நாயை அறுபது வயது அம்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. வாங்கியவர் ஒருவர், பிடிப்பவர் இன்னொருவர் என்ற இந்த நிலையை மனதில் வைத்துத்தான் நான் ஒவ்வொரு நாயையும் பழக்கியிருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களிலேயே வலுக் குறைந்தவர் பிடித்தாலும் நாய் நின்றுகொள்ள வேண்டும். பழக்கம் சரியாக வந்ததா என்று பார்க்க எனக்கு வேறு அளவுகோல் இல்லை.

பெரிய நாய்க்குப் பெரிய வீடு வேண்டும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். வளர்ந்த கிரேட் டேன் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். காலையும் மாலையும் நல்ல நடை, காலை நீட்டிப் படுக்க ஓர் இடம், கூட இருக்க ஓர் ஆள், இவ்வளவு கிடைத்தால் லைன் வீட்டிலும் அது நிம்மதியாக இருக்கும். ஆளில்லாத பங்களாவில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய்தான் குரைத்துக் குரைத்துக் கெட்டுப்போகிறது. தனிமைதான் பெரிய நாயை மூர்க்கமாக்குகிறது. வீட்டின் சதுரடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

குட்டி எடுக்கும் முன்

முதலில் இனம். கோலார் தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் இருப்பதால் சென்னையை விட இங்கே நாய்க்குச் சுகம் அதிகம். அதை நம்பி செயின்ட் பெர்னார்ட், திபெத்திய மாஸ்டிஃப், ஹஸ்கி என்று அடர்ந்த ரோமமுள்ள பனிநாட்டு இனங்களை இங்கேயும் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவை மூச்சிரைத்துக்கொண்டே கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது. உடம்பு முழுக்க வேர்க்கும் வசதி நாய்க்குக் கிடையாது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்ற சூடெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியே போக வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடல் பெருக்கப் பெருக்கச் சூட்டை வெளியேற்றுவதும் கடினமாகும்.

நம் மண்ணின் பெரிய நாய்களை நான் மனதார வரவேற்கிறேன். குட்டை ரோமமும் நீண்ட காலும் கொண்ட ராஜபாளையம், வடகர்நாடகத்தின் முதோல் இரண்டும் வெயிலுக்கு ஏற்ற உடல்வாகு கொண்டவை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இவை இரண்டும் அதில் இடம்பெற்றன. ஆனால் இரண்டுமே வேட்டைக்காகப் பல தலைமுறை பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்டவை. ஓட இடமும் நேரமும் தர முடியாதவர் எடுக்கக்கூடாது. வெள்ளை நிறமும் ரோஜா மூக்கும் கொண்ட ராஜபாளையத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. எடுக்கும் முன், குட்டி பார்க்காத பக்கத்திலிருந்து கைதட்டிப் பாருங்கள். ஈத்துக் குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதிக்காதீர்கள். மற்றவை திரும்புவதைப் பார்த்துக் காது கேளாத குட்டியும் திரும்பிவிடும்.

அடுத்து, தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். அல்சேஷன், ராட்வைலர், லாப்ரடார் இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வரும். தாய் எழுந்து நடக்கும்போது பின்னங்கால் ஆடுகிறதா, முயல் போல இரண்டு காலையும் சேர்த்துத் தாவுகிறதா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்கும் வளர்ப்பாளர் கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் அவரிடமே வாங்குங்கள். 2017இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது, வளர்ப்பாளர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முப்பது நாள் குட்டியைத் துணிப்பையில் போட்டுத் தருகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும் அந்தக் கடைசி வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சிறிய நாயிடம் அந்தப் பாடம் விட்டுப்போனால் ஒரு கீறலோடு போகும். பெரிய நாயிடம் விட்டுப்போனால் தையல் போட வேண்டிவரும்.

எலும்பும் ராகியும்

இனி தீனி. நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான்.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். ஒன்றரை வயதுக்குள் அது அறுபது கிலோவை எட்டிவிடலாம். நூறு மடங்கு வளர்ச்சி. சிறு இன நாயின் எலும்பு ஒரு வயதுக்குள் முற்றிவிடும். பேரின நாயின் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்து மூடிக்கொள்ள ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். அதுவரை, மென்மையான குருத்தின் மேல் கனத்த உடம்பு ஏறி நிற்கிறது. தீனி கூடினால் எலும்பு பலப்படுவதற்கு முன்பே எடை ஏறிவிடும். அப்போது மூட்டுதான் அடிபடும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசவிங்கல் என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவினரும் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியத்தைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து 1985இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதலாகப் பெற்ற குட்டிகளுக்கு எலும்பு உறுதிப்படவில்லை. குருத்தெலும்பு முற்றுவது தாமதமாகி மூட்டுக் கோளாறுகள் வந்தன. வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். சில மாதக் குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக அமைவதில்லை, கொடுத்ததில் பெரும்பங்கை உடம்பு ஏற்றுக்கொண்டுவிடும். இதை அறிந்த பிறகுதான், வளர்ந்தால் 32 கிலோவைத் தொடக்கூடிய குட்டிகளின் தீனியில் கால்சியம் உலர் எடையில் 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைத்தார்கள்.

இங்கே நடப்பது என்ன? முன்னங்கால் சற்று வளைந்தாலோ பாதம் படுத்துக்கொண்டாலோ "ரிக்கெட்ஸ்" என்று சொல்லி மருந்துக்கடையில் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுகிறார்கள். அதற்கு மேல் பாலும் முட்டை ஓட்டுப் பொடியும். கோலார் ராகி விளையும் சீமை. எங்கள் ஊரில் மனிதர் சாப்பிடும் களியை நாய்க்கும் போடுவது காலகாலமாக உள்ள வழக்கம். ராகி நல்ல தானியம். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியை விடப் பல மடங்கு. வளர்ந்த நாய்க்குக் கோழிச்சாற்றில் கரைத்த களியை நானும் போடுகிறேன். ஆனால் கடையில் வாங்கிய பெரிய இனக் குட்டித் தீனியும் போட்டு, களியும் போட்டு, சிரப்பும் ஊற்றினால் மூன்று பக்கமிருந்தும் கால்சியம் சேருகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. குட்டிக்கு வெறும் கோழிக்கறியும் சோறும் மட்டும் போடும் வீடுகள். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இந்தத் தீனியில் வளரும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சும்மா குதித்தாலே முறியும் நிலை வரும். ஆகவே கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குட்டிப் பருவம் முடியும் வரை பெரிய இனக் குட்டிக்கென்று செய்த தீனியைக் கொடுத்து, அதோடு கால்சியம் எதையும் சேர்க்காமல் இருப்பதே எளிய வழி. வீட்டுச் சமையல்தான் என்று முடிவு செய்தால், ஒரு கால்நடை மருத்துவரிடம் குட்டியின் எடையைச் சொல்லி அளவு எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். கைக்கணக்கு குட்டிக்கு உதவாது.

அளவைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும் வரை கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே ஈத்தில் பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதை விடக் கால் பங்கு குறைவாகத் தீனி கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் நடுமட்ட ஆயுள் 13 ஆண்டு. நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுவலியும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கூடுதலாக ஒரு கரண்டி போடாமல் விட்டதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம். எந்த மருந்தும் இதைத் தராது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். "என்னண்ணா, நாய் இளைச்சுப்போச்சே" என்று யாராவது சொன்னால் எனக்கு மனநிறைவாக இருக்கும்.

வயிறு முறுக்கிக்கொள்ளும்போது

ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு ஒரு பேராபத்து உண்டு. வயிறு காற்றால் ஊதி, அப்படியே திருகிக்கொள்ளும். ரத்த ஓட்டம் அடைபடும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இந்த ஆபத்து மிக அதிகமுள்ள இனம் கிரேட் டேன். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வெளியே வராமல் நுரையும் எச்சிலும் மட்டும் வடிவது, வயிறு மேளம் போல விறைத்திருப்பது, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிப்பது, இவைதான் அடையாளம். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. ஓமத்தண்ணீரும் சோடாவும் ஊற்றிக் காத்திருக்கும் நேரம் உயிரைக் கொண்டுபோகும் நேரம். அறுவை சிகிச்சைதான் வழி.

தங்கவயலிலிருந்து பெங்களூர் சுமார் நூறு கிலோமீட்டர். ஹெப்பாளில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நள்ளிரவில் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. எனவே பெரிய நாய் வைத்திருப்பவர் நாய் நலமாக இருக்கும்போதே மூன்றைத் தீர்மானித்து வைக்க வேண்டும். இரவில் அறுவை செய்யும் மருத்துவமனை எது, கூப்பிட்டால் வரும் வண்டி யாருடையது, செலவுக்குப் பணம் எங்கே இருக்கிறது. கிரேட் டேன் வளர்ப்பவர்கள் ஒரு படி முன்னே போகலாம். கருத்தடை அறுவை செய்யும்போதே வயிற்றை விலாப்பக்கச் சுவரோடு தைத்துவிடும்படி மருத்துவரிடம் கேட்கலாம். பிறகு வயிறு ஊதினாலும் திருகிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைந்துவிடும்.

அன்றாடத்தில் செய்யக்கூடியவை எளியவை. ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்குத் தட்டின் நடுவில் வாய்க்குள் போகாத பெரிய வழவழப்பான கல்லை வைத்தால் சுற்றிச் சுற்றி மெதுவாகச் சாப்பிடும். சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். உயரமான ஸ்டாண்டில் தட்டு வைத்தால் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிளிக்மன் குழுவினர் செய்த பெரிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. உயரத்தில் வைத்துச் சாப்பிடுவது இந்த ஆபத்தைக் கூட்டுவதாகவே அதில் தெரிந்தது. தரையில் வைத்தே போடுங்கள்.

தரை, மேடு, நடை

டைல்ஸ் போட்ட தரை வளரும் பெரிய குட்டிக்கு எதிரி. கால் வழுக்கி வழுக்கிப் பாதம் விரிந்துபோகும், இடுப்பு மூட்டு தளரும். என் வீட்டில் குட்டி இருக்கும் காலம் முழுவதும் தரையில் கோணியும் பழைய பாயும் கிடக்கும். பார்க்க அழகாக இருக்காது, குட்டி உறுதியாக நிற்கும். வளர்ந்த நாய் கடினத் தரையில் படுத்தே பழகினால் முழங்கை காய்த்து நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே தடித்த படுக்கை ஒன்று அவசியம்.

முதல் ஒன்றரை வருடம் மாடிப்படி ஏற்றி இறக்குவதும், பைக் பின்னால் ஓட வைப்பதும், சுவர் தாண்டப் பழக்குவதும் வேண்டாம். மண் தரையில் குட்டி தானாக ஓடி, தானாகவே களைத்து உட்காருவது போதும். கருத்தடையிலும் நிதானம் நல்லது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள், கோல்டன் ரெட்ரீவர், அல்சேஷன் இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டுக் கோளாறு அதிகம் வந்ததைக் காட்டின. எந்த வயதில் செய்வது என்பதை இனத்தைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் நாயை அவிழ்த்துவிட ஆசை வரும். அந்தப் பொடி காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். மழை பெய்த பின் மேட்டடியில் தேங்கும் தண்ணீரை நாய் நக்கக் கூடாது. அங்கே போனால் சங்கிலியோடு போங்கள், திரும்பியதும் காலைக் கழுவுங்கள். இன்னொன்று, கைவிட்ட ஷாஃப்ட்டுகளும் சரிந்த குழிகளும் புதருக்குள் மறைந்திருக்கின்றன. முயலைத் துரத்தும் ராஜபாளையம் குழியைப் பார்க்காது.

பழக்கத்தில் மட்டும் அவசரம்

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான நாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1965இல் ஒரு நூல் எழுதினார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதையெல்லாம் பயமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் வாழ்நாள் முழுக்க இயல்பாக ஏற்கும் என்பது அவர்கள் கண்டது. குட்டி நம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் காலத்தில் மிஞ்சுவது சில வாரங்களே.

தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்க முடியாது. பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளைக் கொல்கிறது. ஆகவே தூக்கிக்கொண்டு போங்கள். உரிகம் நிலையத்தில் ரயில் வந்து நிற்பதை, சர்ச் மணியை, அம்மன் கோயில் மேளத்தை, சாவு ஊர்வலத்தின் பறையை, பள்ளி விடும் நேரத்துப் பிள்ளைகளை, பர்தா அணிந்தவரை, கைத்தடி ஊன்றியவரை, தலைக்கவசம் போட்டவரைக் கையிலிருந்தபடியே குட்டி பார்க்கட்டும், கேட்கட்டும். பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு கோழி கொடுங்கள்.

அடுத்தது, குட்டியாக இருக்கும்போது ரசித்ததைப் பெரிதான பின் தண்டிக்காதீர்கள். ஐந்து கிலோ குட்டி மேலே தாவினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அதே நாய் ஐம்பது கிலோவில் தாவினால் பக்கத்து வீட்டுப் பாட்டி விழுந்து இடுப்பு முறியும். நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவல், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்பதை முதல் நாளிலிருந்தே வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். கதவு திறக்கும் முன் உட்காருவது, தட்டு வைக்கும் முன் காத்திருப்பது, சங்கிலியை இழுக்காமல் நடப்பது, காது, பல், நகம் பார்க்கக் காட்டுவது, வாய்க்கூடு மாட்டிக்கொள்வது, இவ்வளவையும் நான்கு மாதத்துக்குள் தொடங்கிவிடுங்கள். அடிக்கவே கூடாது. பெரிய நாயை அடித்துப் பழக்குவது, ஒருநாள் அது திருப்பித் தாக்கலாம் என்று நாமே அதற்குச் சொல்லித் தருவது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. இனத்தைத் தடை செய்வதா வேண்டாமா என்ற வழக்கு நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை வேறு. பூங்காவில் விளையாடும் குழந்தைக்கு நம் நாய் எவ்வளவு நல்லது என்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. பொது இடத்தில் சங்கிலி, அதைப் பிடிக்கக்கூடிய பெரியவர் ஒருவர், தேவைப்பட்டால் வாய்க்கூடு, இவை இல்லாமல் பெரிய நாயை வெளியே கொண்டுவர எவருக்கும் உரிமை இல்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள் நம் நாயைக் கண்டு ஒதுங்கினால், நாம்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லைன் வாழ்க்கையில் பெரிய நாய் நிலைப்பது அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தால்தான்.

உண்ணி, வெயில், முதுமை

பருவமழை தொடங்கினால் உண்ணியும் தொடங்கும். பழுப்பு உண்ணி நாய்மேல் மட்டும் இருப்பதில்லை, லைன் வீட்டுக் கல்சுவர் இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகும். நாய்க்கு மருந்து கொடுத்துச் சுவரை விட்டுவிட்டால் பத்து நாளில் திரும்ப வரும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு குறையும், மூக்கில் ரத்தம் வரும், சாப்பாடு வெறுக்கும். அல்சேஷனுக்கு இது மற்ற இனங்களைவிடக் கடுமையாகவே வரும். சாப்பாட்டைத் தொடாத நாயை ஒரு நாளைக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்கள் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது.

பெரிய நாய்க்கு ஆயுள் குறைவு. ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கொர்னேலியா க்ராஸ் தலைமையில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு, உடல் எடை இரண்டு கிலோ கூடினால் சராசரியாக ஒரு மாத ஆயுள் குறைகிறது என்று கணக்கிட்டது. பெரிய நாய்கள் மற்றவற்றை விட வேகமாக முதுமை அடைகின்றன. கிரேட் டேன் ஏழு முதல் பத்து ஆண்டு. ஆறு வயதிலேயே முகவாய் நரைக்கும். பின்னங்கால் தளர்ந்த நாயை எழுப்ப, வயிற்றுக்கடியில் மடித்த போர்வையைக் கொடுத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். தங்கவயலின் மார்கழிக் குளிரில் அதன் மூட்டு விறைக்கும், படுக்கையை இன்னும் தடிமனாக்க வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். வலி மருந்துக்கும் அடங்காத நாள் வந்தால், மருத்துவரோடு பேசி அதை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் முடிவையும் நாம்தான் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வருடத்தை முழு மனதோடு செய்யும் வீடுதான் நாய் வளர்த்த வீடு என்பேன். இத்தனை பெரிய உடம்பு, இத்தனை வலிமை, அவ்வளவையும் அது நம் சொல்லுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அந்த மரியாதைக்கு நாம் திருப்பித் தரக்கூடியது இது ஒன்றுதான்.

குட்டி வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பணத்தை எண்ணும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் ரயிலேறிய பிறகு பகலில் நாயோடு இருப்பவர் யார், அவருக்கு இதில் முழு விருப்பமா? இரண்டு வருடம் அது மெல்ல வளரும் வரை பொறுத்திருப்பீர்களா? பத்து வருடம் கழித்து அது எழ முடியாமல் கிடக்கும்போது தூக்க இரண்டு பேர் இருப்பார்களா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் இப்போது வாங்காதீர்கள். தெருவில் பிறந்த நடுத்தர உருவ நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள், அன்பில் அது குறை வைக்காது. பெரிய நாய் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அந்த நாயைத் தாங்கும் வீடு அமைந்த பிறகு அதை நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.